நாலரை இதழ்

அந்த அம்மா எந்திரிச்சு முன்னால போனதுக்கு என்னைய ஏன் சார் பாக்கீங்க? நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலை. ஜன்னல் பக்கம் உக்காருங்கம்மா, காத்து வரும்னு சொன்னேன். வேண்டாம்னாங்க. மரியாதைக்கு வேண்டாங்காங்கன்னு மறுபடியும் சொன்னேன். மூணாவது தடவை சொல்லும்போது பையைத் தூக்கிக்கிட்டு டிரைவர் பக்கத்துல போயி நிக்காங்க. திருநெல்வேலி வரைக்கும் நின்னுக்கிட்டே வருவாங்களாம். ஒரு பொம்பளைக்கு மரியாதை கொடுக்கிறது இந்தக் காலத்துல குத்தம், பாத்துக்கிடுங்க. நீங்க உக்காருங்க. எங்க இறங்கணும், தாழையூத்தா? நல்லது. கோவில்பட்டியிலேருந்து ஒரு மணி நேரம். பேச்சுத்துணைக்கு ஆச்சு.

என் பேரு ஞானாபரணம். பாளையங்கோட்டையில ஒரு காலேஜ்ல இங்கிலீஷ் புரொபசர். முப்பத்திரெண்டு வருஷம் சர்வீஸ் போட்டு ரிட்டயர் ஆனவன். நான் நடத்துன பாடம் எதுன்னு சொன்னா சிரிப்பீங்க. குதிரைவீரங்க கதை. பழைய பிரிட்டன்ல ஒரு ராஜா வட்டமா மேஜை போட்டு, பெரியவன் சின்னவன் இல்லாம எல்லா வீரங்களையும் சுத்தி உக்காத்தி வச்சிருப்பாரு. ஒவ்வொருத்தனும் சத்தியம் பண்ணியிருப்பான். எளியவனை அடிக்கமாட்டேன், சொன்ன சொல் தவறமாட்டேன், ஒரு பொண்ணுக்கு ஆபத்துன்னா உசிரைக் கொடுப்பேன்னு. அதுல ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு தலைவி உண்டு. இது நம்ம சினிமாக் காதல் இல்லை சார். அந்தத் தலைவி அடுத்தவன் பொண்டாட்டியாக்கூட இருப்பா, ராணியாக்கூட இருப்பா. இவன் அவ விரலைக்கூடத் தொடமாட்டான். ஒண்ணும் கேக்கமாட்டான். அவ பேரைச் சொல்லிக்கிட்டுச் சண்டைக்குப் போவான். அவ முகத்தைத் திருப்பிக்கிட்டா பரீட்சை வைக்கான்னு அர்த்தம். எவ்வளவுக்குக் கடுமையோ அவ்வளவுக்குப் பெரிய பரீட்சை. அதுல நின்னு காட்டுறவன்தான் வீரன்.

கதைக் கடைசியில அந்த ராஜ்யமே அழிஞ்சு மண்ணாப் போகும். இந்தக் காதலாலதான் அழிஞ்சுதுன்னும் சொல்லுவாங்க. அது எங்களுக்கு போர்ஷன்ல கிடையாது. நான் நடத்துனதில்லை.

இப்ப எங்க போயிட்டு வாரேன்னு கேட்டீங்கள்ல. கோவில்பட்டிப் பக்கம் ஒரு பொம்பளைப் பிள்ளைங்க காலேஜ். அங்க பிரின்சிபால் ஹெப்சிபா மேடத்துக்கு இன்னைக்குப் பணி ஓய்வு விழா. எனக்கு அழைப்பு வரலை. பேப்பர்ல பாத்துட்டுப் போனேன். ஏற்புரையில முக்கால் மணி நேரம் பேசுனாங்க. அப்பா, அம்மா, கூடப் படிச்சவங்க, லைப்ரரியன், கேண்டீன்காரர், தோட்டத்துக்குத் தண்ணி விடுறவர் வரைக்கும் பேர் சொல்லி நன்றி சொன்னாங்க. நான் மூணாவது வரிசையில உக்காந்து என் பேருக்காகக் காத்துக்கிட்டிருக்கேன். வரலை. முப்பத்திநாலு வருஷம் சார். அந்த அம்மாவுக்காக நான் என்னவெல்லாம் பட்டேன். ஒரு வார்த்தை, 'ஒருத்தர் இருந்தார்'னு பேர் இல்லாமக்கூடச் சொல்லியிருக்கலாம். எனக்கு வயிறு எரியுது சார். உள்ளதைச் சொல்லுதேன்.

எண்பத்தெட்டு ஜூன்ல எங்க டிபார்ட்மெண்ட்ல வந்து சேந்தாங்க. இருபத்தாறு வயசு. எனக்கு முப்பத்தெட்டு. கல்யாணம் ஆகி, மக ஷீபாவுக்கு நாலு வயசு. நீங்க தப்பா நினைச்சிரக் கூடாது. எனக்கு மனசுல ஒரு அழுக்கு கிடையாது. எங்க வீட்டம்மா தங்கபுஷ்பம் நல்லவ. எட்டாங்கிளாஸ்தான் படிப்பு. என் பாடத்தைப் பத்தி அவகிட்ட என்னத்தப் பேச? தையல்னா அவளுக்கு உசிரு. தலகாணி உறை, டிவிக்குப் போடுற துணி, ஜன்னல் திரை, எதை எடுத்தாலும் மூலையில ஒரு நீலப் பூ. நாலு இதழ் ஒழுங்கா வரும். அஞ்சாவதைப் பாதியில நிறுத்தி முடிச்சுப் போட்டிருவா. அதனால அவளுக்கு நான் வச்ச பேரே நாலரை இதழ். விருந்தாளி முன்னால வச்சுக்கூடக் கூப்பிடுவேன். அவளும் கூடச் சேந்து சிரிப்பா. 'பாதியில விட்டாத்தாங்க என் கை வேலைன்னு தெரியும்'பா. நூல் பத்தாம விட்டுட்டு அதுக்கு ஒரு சாக்கு, பாத்துக்கிடுங்க.

ஜூலை மாசம் ஒரு மத்தியானம். ஸ்டாஃப் ரூம்ல சாப்பாட்டு நேரம். எங்க அட்டெண்டர் செல்லையா எல்லார் டப்பாவையும் பிரிச்சு மேஜையில வச்சிருவாரு, நாங்க போயி உக்காந்து சாப்பிடுறதுதான். அன்னைக்குப் பேச்சு குதிரைவீரங்க பக்கம் திரும்பிட்டுது. போட்டிக்குப் போற வீரனுக்குத் தலைவி தன் கைக்குட்டையைக் கொடுப்பா, அவன் அதை ஈட்டியில கட்டிக்கிட்டுப் போவான், அப்படிக் கொடுத்துட்டா உன் சேவையை நான் ஏத்துக்கிட்டேன்னு அர்த்தம்னு விளக்கிச் சொன்னேன். ஹெப்சிபா மிஸ் எதுத்தாப்புல உக்காந்து கேட்டுக்கிட்டிருக்காங்க. நான் மூலையில இருந்த குடையை எடுக்கத் திரும்பி, 'யாராவது ஒரு துணி கொடுங்க, கட்டிக் காட்டுதேன்'னேன். குடையோட திரும்புதேன், ஹெப்சிபா மிஸ் கையை நீட்டிக்கிட்டு நிக்காங்க. கையில வெள்ளைத் துணி. ஓரத்துல நீல நூல்.

எல்லாரும் சிரிச்சாங்க. அவங்களும் சிரிச்சாங்க. நான் சிரிக்கலை. நீங்க ஒண்ணை யோசிச்சுப் பாக்கணும் சார். அர்த்தம் தெரியாமக் கொடுத்தா அது வேற. நான் முழுசா விளக்கிச் சொல்லி, அதைக் கேட்டதுக்கு அப்புறம் கொடுக்காங்க. படிச்ச பொண்ணு. எம்.ஃபில். குடையில கட்டி ஒரு நிமிஷம் தூக்கிக் காட்டிட்டு, அவுத்து மடிச்சு மேல் பையில வச்சுக்கிட்டேன். அவங்க திருப்பிக் கேக்கலை. கேக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து தங்கபுஷ்பத்துகிட்ட கொடுத்தேன். அவ வாங்கிப் பாத்துட்டு, 'இது நம்ம'ன்னு ஆரம்பிச்சா. 'நம்மது இல்லை. ஹெப்சிபா மிஸ் கொடுத்தது. மரியாதையான பொருள். துவைச்சு மடிச்சு பீரோ மேல்தட்டுல வை. அன்னாடப் புழக்கத்துல சேக்காதே'ன்னேன். 'மிஸ் கொடுத்ததுன்னு நல்லாத் தெரியுமா?'ன்னு கேட்டா. 'பின்னே நான் என்ன பொய்யா சொல்லுதேன்'னு ஒரு சத்தம் போட்டேன். 'சரிங்க'ன்னுட்டு உள்ள போயிட்டா. அவளுக்கு ஒரு பழக்கம், எதையாவது பாதி சொல்லி நிறுத்திருவா. மறுநாள்லேருந்து என் டப்பாவைத் துணி சுத்திக் கட்டுறதை விட்டுட்டு மஞ்சப்பையில போட்டுக் கொடுக்க ஆரம்பிச்சா. குழம்பு சிந்தும்னு சொன்னாலும் கேக்கலை. பொம்பளைங்க கோவத்துக்குக் காரணம் தேட முடியுமா சார்.

ஆனா ஒண்ணு, அந்தத் துணியை அவ பாத்துக்கிட்ட மாதிரி யாரும் பாத்திருக்கமாட்டாங்க. வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முன்னால எடுத்துத் துவைச்சு, கஞ்சி போட்டு, அயர்ன் பண்ணி, பூ உள்பக்கம் வாற மாதிரி மடிச்சு வச்சிருவா. நான் அதை ஒரு நாளும் விரிச்சுப் பாத்ததில்லை. விரிக்கிறது மரியாதை இல்லைன்னு ஒரு எண்ணம். மடிச்சபடியே கையில எடுத்துப் பாத்துட்டு வச்சிருவேன்.

இருங்க, டிக்கெட்டுக்கு வாராரு. கயத்தாறுதானே இது. ஆமா.

அப்புறம் பரீட்சை ஆரம்பிச்சுது. சாயந்தரம் அவங்க பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போகும்போது பத்தடி தள்ளிப் பின்னால போவேன். பேசமாட்டேன். பாதுகாப்புக்கு. மழைன்னா குடையை நீட்டுவேன். வாங்கமாட்டாங்க. நனைஞ்சுக்கிட்டே போவாங்க. நானும் குடையை மடக்கிட்டு நனைவேன். ஒரு வாரத்துல வேற வாசல் வழியாப் போக ஆரம்பிச்சாங்க. நானும் அந்த வாசலைக் கண்டுபிடிச்சேன். சாப்பாட்டுக்குத் தமிழ் டிபார்ட்மெண்ட் பொம்பளைங்ககூடப் போயி உக்காந்தாங்க. ஒரு நாள் வராந்தாவுல நின்னு நேருக்கு நேரா, 'சார், தயவுசெஞ்சு இனிமே என் பின்னால வராதீங்க'ன்னாங்க. தலைவி கட்டளை போட்டாச்சு, மீறலாமா? மறுநாள்லேருந்து முன்னாலயே போயி பஸ் ஸ்டாப்ல நின்னேன்.

என்ன சார் அப்படிப் பாக்கீங்க? ஒரு வார்த்தை தப்பாப் பேசியிருப்பேனா? ஒரு கடிதாசி எழுதியிருப்பேனா? கிடையாது.

கடிதாசின்னா, எழுதுனது அந்த ஒண்ணுதான். அதையும் அவங்களுக்கு எழுதலை. காமர்ஸ் டிபார்ட்மெண்ட்ல ஆல்வின்னு ஒருத்தன். வாய்க்கொழுப்பு. சைக்கிள் ஸ்டாண்டுல வச்சு, 'என்னய்யா, உம்ம ஹெப்சிபா இன்னைக்கு பஸ்ஸை விட்டுட்டாளே'ன்னான். அங்க அவன் மட்டும்தான் இருந்தான், வேற ஒரு ஆள் கிடையாது. ஆனா சொல்லிட்டான்ல. கன்னத்துல ஒண்ணு விட்டேன். கூட்டம் கூடிட்டுது. எதுக்கு அடிச்சேன்னு கேட்டாங்க. ஒரு பெண்ணோட மானத்துக்காகன்னு சொன்னேன். எந்தப் பெண்ணுன்னு கேட்டாங்க. வீரன் மறைச்சுப் பேசக் கூடாது சார். பேரைச் சொன்னேன்.

அதோட விட்டிருந்தா கோழைத்தனம். அந்தக் கதைகள்ல பழி வந்தா வீரன் ஊரறிய மைதானத்துல நின்னு எதுத்துப் போராடுவான். நமக்கு மைதானம் ஏது? நிர்வாகக் குழுவுக்கு நாலு பக்கம் எழுதுனேன். ஹெப்சிபா மிஸ் பரிசுத்தமானவங்க, எனக்கும் அவங்களுக்கும் இருக்கிறது உடம்பு சம்பந்தப்பட்டது இல்லை, அவங்க எனக்குக் கொடுத்த கைக்குட்டை ஒரு புனிதமான அடையாளம் மட்டும்தான், இதை யாரும் களங்கப்படுத்தக் கூடாதுன்னு. பதினோரு பேருக்கு நகல். அப்ப அவங்களுக்கு நாகர்கோவில்ல ஒரு இடம் பேசி முடிச்சு, வெத்தலை மாத்துறதுக்குத் தேதி வச்சிருந்தாங்க. மாப்பிள்ளையோட அப்பாவுக்கும் ஒரு நகல் போட்டேன். ஏன்னா, வேற யாரும் திரிச்சுச் சொல்லிறக் கூடாது பாருங்க. உண்மை நேரடியாப் போகணும்.

அந்த இடம் நின்னு போச்சு. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? இப்படி ஒரு சாட்சிக் கடிதம் கையில இருந்தும் சந்தேகப்படுறவன் என்ன ஆளு சார்? அப்படிப்பட்ட வீட்டுக்குப் போகாமத் தப்பிச்சாங்க. நான்தான் காப்பாத்துனேன்.

நிர்வாகத்துல அவங்களைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. என்னைக் கூப்பிடலை. ஏழு ஆம்பளைங்க உக்காந்து, கதவைச் சாத்திக்கிட்டு, ஒரு பொண்ணுகிட்ட கைக்குட்டை கொடுத்தியான்னு கேக்காங்க. எனக்கு ரத்தம் கொதிச்சுது. வெளியில வராந்தாவுல குடையோட காவல் நின்னேன். ஒண்ணரை மணி நேரம் கழிச்சு வெளியில வந்தாங்க. முகமெல்லாம் செவந்து கிடந்துச்சு. என் முன்னால வந்து நின்னு, 'உங்களுக்கு நான் என்ன சார் செஞ்சேன்?'ன்னு கேட்டாங்க. அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு. நன்றியை நேரடியாச் சொல்ல வராது சில பேருக்கு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். டிசம்பர்ல ராஜினாமா பண்ணிட்டுப் போயிட்டாங்க. எனக்கு ஒரு மெமோ கூடக் கிடையாது. நேர்மைக்கு அவ்வளவு மதிப்பு இருந்துச்சு அப்ப.

அவங்க அதுக்கப்புறம் கல்யாணமே பண்ணிக்கிடலை. ஏன்னு நினைக்கீங்க? நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா பெருமை பேசுத மாதிரி இருக்கும்.

தங்கபுஷ்பம் போயி மூணு வருஷம் ஆச்சு. கர்ப்பப்பையில வியாதி. கடைசி மாசம் ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வந்துட்டோம். அந்த வருஷமும் ஈஸ்டருக்கு முன்னால ஷீபாவை விட்டு அந்தத் துணியை எடுத்துத் தரச் சொல்லி, படுக்கையில உக்காந்துக்கிட்டே மடிச்சா. 'ஒரு தடவை விரிச்சுப் பாருங்களேன்'னு என்கிட்ட சொன்னா. 'விரிச்சா மடிப்பு கலைஞ்சிரும், நீ சும்மா படு'ன்னேன். சிரிச்சா. நாலாம் நாள் போயிட்டா.

இன்னைக்கு விழா முடிஞ்சதும் சால்வை போட வரிசையில நின்னாங்க. நான் சால்வை கொண்டு போகலை. இந்தத் துணியை ஒரு கவர்ல வச்சு எடுத்துக்கிட்டுப் போயிருந்தேன். வயசாகிட்டுது, காவல் காத்த பொருளை உரியவங்ககிட்ட ஒப்படைச்சிரலாம்னு. அதோட ஒரு வார்த்தை கிடைக்கும்னும் நினைச்சேன். பொய் சொல்லலை. என் முறை வந்துச்சு. என்னைக் கண்டதும் முகம் அப்படியே மாறிட்டுது. அடையாளம் தெரிஞ்சிட்டுது. 'முப்பத்திநாலு வருஷமா ஒரு கறை படாம வச்சிருக்கேன் மேடம்'னு கவரை நீட்டுனேன். கையில வாங்கலை. அப்படியே பாத்தாங்க. மெதுவா, கிளாஸ்ல பிள்ளைங்களுக்குச் சொல்லுத மாதிரி சொன்னாங்க.

'சார், இது என்னோடது இல்லை. அன்னைக்கு என்கிட்ட கைக்குட்டையே கிடையாது. உங்க டிபன் டப்பாவைச் சுத்தி வந்த துணியைச் செல்லையா அவுத்து மேஜையில வச்சிருந்தாரு. நீங்க துணி கேட்டீங்க, பக்கத்துல கிடந்ததை எடுத்து நீட்டுனேன். அந்த ஏழு பேருகிட்டயும் இதைத்தான் சொன்னேன். அவங்க நம்பலை. உங்க வீட்டம்மா தச்சதுதான் இது. அவங்ககிட்ட கொடுத்திருங்க.'

அவ்வளவுதான். பின்னால நின்னவங்களைப் பாத்து, 'வாங்கம்மா'ன்னாங்க.

இதுதான் சார் கடைசிப் பரீட்சை. இத்தனை வருஷம் நின்னவன் இதுலயும் நிக்கானான்னு பாக்காங்க. ஏத்துக்கிட்டதையே இல்லைன்னு சொல்லிப் பாக்கிறது. அந்தக் கதைகள்ல இது உண்டு. இது மாதிரி ஒண்ணு கண்டிப்பா உண்டு.

ஆனா, எங்க ஷீபாவும் அதையேதான் சொன்னா. தங்கபுஷ்பத்தைப் பெட்டியில வச்சிருக்கு. கையில ஒரு கைக்குட்டை வச்சு அனுப்புறது எங்க பக்கத்து வழக்கம். ஷீபா பீரோவைத் திறந்து இந்தத் துணியை எடுத்துக்கிட்டு வந்தா. நான் அவ கையிலேருந்து பிடுங்கிட்டேன். கூட்டத்துக்கு முன்னால. 'அம்மா தச்சதுப்பா இது. அம்மாவே சொல்லியிருக்கா. அம்மா கையில வைப்போம்பா'ன்னு அழுதா. துக்கத்துல பிள்ளை என்னமும் சொல்லும்னு விட்டுட்டேன். யாரோ கடைக்கு ஓடிப்போயி புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்தாங்க. லேபிளைக்கூடப் பிய்க்கலை. அதைத்தான் வச்சு மூடுனோம். ஷீபா அன்னையிலேருந்து என்கிட்ட சரியாப் பேசுறதில்லை.

அவளும் இவங்களும் ஒருத்தரை ஒருத்தர் பாத்ததுகூடக் கிடையாது சார். எப்படி ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லுதாங்க?

கங்கைகொண்டான் தாண்டிட்டுதா? அப்ப உங்க ஸ்டாப்புக்குக் கொஞ்ச நேரம்தான் இருக்கு. ஒரு உதவி பண்ணுங்க. கண்ணாடியை அந்த மண்டபத்துலயே விட்டுட்டு வந்துட்டேன். இந்தக் கவரைப் பிரிங்க. பாத்து, மெதுவா. அது அவ கடைசியா மடிச்ச மடிப்பு. பரவாயில்லை, விரிங்க. மூலையில ஒரு பூ இருக்கும். எத்தனை இதழ்னு எண்ணிச் சொல்லுங்க.

அவசரமில்லை. நல்லா வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க.

அஞ்சாவது நூல் அறுந்து போயிருக்கும் சார். முப்பத்திநாலு வருஷத் துணி.

அறுகலையா? முடிச்சுப் போட்டிருக்கா?

சரி. இறங்குங்க, தாழையூத்து வந்துட்டுது. அதுக்கு முன்னால அதை மடிச்சு மட்டும் தந்துட்டுப் போங்க சார். பூ உள்பக்கம் வாற மாதிரி. எனக்கு மடிக்கத் தெரியாது.